படகு எண் கட்டாயம்

எண்ணெய் வந்து பதினோரு நாள்.
எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்திச் செடிகள்
முழங்கால் வரை கறுப்புக் காலுறை போட்டு நிற்கின்றன.
சமுதாயக் கூடத்தில் ஒரு மின்விசிறிதான் சுற்றுகிறது,
அதன் கீழே அதிகாரிகள்.
சுவரோரம், சுற்றாத விசிறியின் கீழே
எட்டு மாத ஒப்பந்தத்தில் நானும்
நிவாரணத் துறையின் மடிக்கணினியும்.

நாற்பத்து மூன்றாம் டோக்கன், செஞ்சம்மா.
ஈரப் புடவையோடு வந்திருந்தாள்.
பெயர் சொன்னாள்.
வயது தெரியாது என்றாள், ஆதாரைப் பார்த்து அடித்தேன்.
தொழில்?
'எறா தடவுறது.'
விசைப்படகு, நாட்டுப்படகு, கட்டுமரம், மீன் வியாபாரம்
என்று இறங்கிய பட்டியலின் அடியில்
'இதர' என்றொரு சொல் ஒதுங்கிக் கிடந்தது.
அதைத் தொட்டேன்.
அடுத்த கட்டம் திறந்தது.
படகு எண். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

'படகு இருந்தா நான் ஏன் தம்பி
கழுத்துத் தண்ணியில முட்டி போட்டுக்கினு கீறேன்?
பறிக் கயித்த பல்லுல கடிச்சிக்கினு
ரெண்டு கையாலயும் சேத்தத் தடவுவோம்.
எறா வெரலுக்கு வரும்.'
சொல்லும்போது பார்த்தேன்,
மேல்வரிசைப் பல் இரண்டில் கயிறு அறுத்த தடம்.

எழுந்துபோய்க் கேட்டேன்.
எண்ணெய் வாரியத்தின் பொறுப்பு,
தண்ணீர் நீர்வளத் துறைக்கு,
சேறு வருவாய்த் துறைப் புறம்போக்கு.
சேற்றின்மேல் ஒரு சாண் படிந்த சாம்பல்
இன்னும் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது.
இறால் மீன்வளத்துக்கு,
பிடிபட்ட பிறகு.
பிடிபடும் வரை?
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில்
தான் உட்காரும் இடத்தை அவளே கண்டுபிடித்தாள்,
பாலத்திலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு போய்.
அங்கே ஊதா நிறம்.
'ஊதான்னா இன்னா?'
உத்தேசம் என்றேன்.
'யாரோட?'

அரிசிக்கு விரல் வைக்கச் சொன்னார்கள்.
வலது கட்டைவிரல், பொருந்தவில்லை.
ஆள்காட்டி விரல், பொருந்தவில்லை.
துடைத்து வையுங்கள் என்றது இயந்திரம், நல்ல தமிழில்.
கிளிஞ்சல் ஓடும் சாம்பலும்
வழித்தெடுத்த பத்து விரல்கள்.
ஒரு ரேகை கூட மிச்சமில்லை.
பின்னால் நூற்று இருபது பேர்
டோக்கனை விசிறியாக்கி நின்றார்கள்.

சன்னலுக்கு வெளியே, குப்பைமேட்டு ஓரம்
கவிழ்ந்து கிடந்தது ஒரு பழைய ஃபைபர் படகு.
நாய் குட்டி போட்டிருந்தது அதனடியில்.
பக்கவாட்டில் எண் மட்டும் அழியாமல் இருந்தது.
பார்த்துப் பார்த்து
ஒவ்வோர் இலக்கமாக அடித்தேன்.
பச்சை விளக்கு.
'வாழ்த்துகள், விண்ணப்பம் ஏற்கப்பட்டது.'

ஆறாயிரம் ரூபாய் வந்ததாம்.
அதோடு வந்தது
ரேஷன் அட்டையில் ஒரு திருத்தம்:
படகு உரிமையாளர், அரிசி இல்லை, சர்க்கரை மட்டும்.
அதற்குப் பிறகு ஒரு குறுஞ்செய்தி.
தங்கள் படகினை வரும் புதன்கிழமை
காலை பத்து மணிக்கு
ஆய்வுக்குக் கொண்டுவரவும்.

புதன்கிழமை.
கரையில் வரிசையாகப் படகுகள்,
ஆய்வாளர் கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா,
கூப்பிடக் கூப்பிடத் தலை நீட்டும் உரிமையாளர்கள்.
அவள் பெயர் வந்தது.
படகு எங்கம்மா?

செஞ்சம்மா என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்
என்று ஒப்பந்தம் முடிந்த பின்பும் யோசிக்கிறேன்.
இரண்டு படகுகளுக்கு நடுவே போய்
ஆற்றில் உட்காருவதுபோலவே
முட்டி மடக்கி மணலில் உட்கார்ந்தாள்.
முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

'எய்துங்க சார்,
வெயில் ஏறுது.'

தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள்
மணலில் விழுந்தது.
ஆய்வாளர் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்,
இதற்கான பக்கம் தேடி.